குறைந்தபட்சம் பதினைந்து

பதினைந்து பேர் சேர்ந்தால்தான் மையம்.
பதினாலு என்றால் மதுரைக்குப் போங்கள்
என்கிறது சுற்றறிக்கையின் ஆறாவது பத்தி.
மதுரை என்பது தொண்டியிலிருந்து
மூன்று மணி நேரம், இரண்டு பேருந்து,
துணைக்கு ஓர் ஆள்,
அந்த ஆளின் ஒருநாள் கூலி.

எங்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியர் இடம்
இரண்டு வருடமாகக் காலி.
ஆகவே தேசியக் கணிதப் போட்டியின் மையப் பொறுப்பாளர்
ஆய்வகத்தில் குடுவை கழுவும் நான்.
கடவுச்சொல் என்னிடம், அலமாரிச் சாவி என்னிடம்.
ஒரு கேள்விக்கும் விடை தெரியாது;
அதுதான் பெரிய தகுதி என்றார் தலைமையாசிரியர்.

நூருல் ஃபர்ஸானா, அவளுடைய சித்தி மகள்கள் இருவர்,
நம்புதாளைப் பூவிழி,
புகைப்படத்தில் கண்ணை மூடிக்கொண்ட களஞ்சியம் என்று
சேர்த்துக்கொண்டே போய்
பதினாலில் நின்றது.
கடைசி நாள் இரவு பதினொன்றரைக்கு,
திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்க,
காரங்காட்டு சகாய பெனிட்டைப் போட்டேன்
அவனைக் கேட்காமல், கட்டணத்தை நானே கட்டி.
வராவிட்டாலும் எண்ணிக்கையில் சேர்த்தி.
வராதவர்களுக்கென்றே ஒரு கட்டம் இருக்கிறது படிவத்தில்.

"ஞாயித்துக்கெழமையா?
நாட்டுப்படகு நாளு டீச்சர்" என்றான்.
விசைப்படகுக்கு மூன்று, வள்ளத்துக்கு நாலு
என்று வாரத்தைப் பங்கு வைத்திருக்கிறது கரை.
தேதி குறித்தவர்களின் ஊரில்
ஞாயிறு என்றால் விடுமுறை.

ஒரு மணிக்கு உறையைப் பிரிக்க வேண்டும்.
அதற்கு முன் இரண்டு மாணவர் பார்த்து
முத்திரை சிதையவில்லை என்று கையெழுத்திட வேண்டும்.
செவுளைத் தூக்கிப் பார்த்து மீன் வாங்குகிறவள்போல்
பூவிழி உறையைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள்.
பிறகுதான் பேனாவை வாங்கினாள்.

மின்சாரம் போனது.
ஜன்னலைத் திறந்தால் கடற்காற்று தாளைத் தூக்குகிறது.
ஆய்வகத்திலிருந்து ஆளுக்கொரு பித்தளை எடைக்கல்
எடுத்து வந்து வைத்தேன்.
வினாத்தாள் பதினைந்து. தலை பதினாலு.
அரை மணிக்குப் பிறகு ஒருவரையும் விடக் கூடாது.

ஒன்று இருபத்தெட்டு.
வாசலில் பெனிட்,
வலையில் நண்டு கழற்றிய கையோடு.
"எம்பேரு இருக்குல்ல?"
இருந்தது.

பத்து நிமிடம் அவன் ஒன்றும் எழுதவில்லை.
சிக்கெடுப்பதுபோல்
விரல்கள் மட்டும் மேசைமேல் அசைந்தன.
அப்புறம் நான் நடந்துபோனதையோ
பாங்கு சொன்னதையோ
மின்விசிறி திரும்பிச் சுற்றியதையோ
அவன் அறிந்ததாகத் தெரியவில்லை.

நான்கு மணிக்குத் தாள்களை அடுக்கும்போது பார்த்தேன்.
பதினேழாம் கேள்வி:
இரண்டாவது வட்டத்தில் கறுப்பு மை,
நாலாவது வட்டத்தில் சிவப்பாய் ஒரு பொட்டு.
மடிக்காதே, கசக்காதே, துளையிடாதே,
வட்டத்துக்கு வெளியே கோடு இழுக்காதே.
ரத்தம் பற்றி விதிமுறையில் ஒரு சொல்லும் இல்லை.
திருத்தப் போவது இயந்திரம்.
அதற்குச் சிவப்பு என்ன தெரியும், கறுப்பு என்ன தெரியும்,
இரண்டு விடை என்று தள்ளிவிடும்.

கறை எடுக்க எனக்குத் தெரியும்.
ஹைட்ரஜன் பெராக்சைடு, இரண்டு சொட்டு,
ஒற்றுத்தாள்.
புட்டியின் மூடியைக்கூடத் திறந்துவிட்டேன்.
மூடினேன்.

பொறுப்பாளர் அறிக்கை.
வராதவர்கள்: இல்லை.
மீந்த வினாத்தாள்: இல்லை.
குறிப்பிடத்தக்க நிகழ்வு ஏதேனும்?
வழக்கமாக அதில் ஒரு கோடு போடுவார்களாம்.
நான் எழுதினேன்:
பதினேழாம் கேள்வியில் உள்ள சிவப்பு
விடை அல்ல. நண்டு.

ஞாயிறு அஞ்சலகம் கிடையாது.
அமிலப் புட்டிகளோடு உறையையும் வைத்துப் பூட்டினேன்.
ராத்திரி இரண்டு தரம் எழுந்து
சாவியைத் தொட்டுப் பார்த்தேன்.
தேறினால் அடுத்த சுற்று மதுரையில்.
அதற்கடுத்து முகாம், அதற்கடுத்து வெளிநாடு என்று
அம்புக்குறி போட்டு அச்சடித்திருக்கிறார்கள்.

எடைக்கல் பதினைந்து கொடுத்திருந்தேன்.
பெட்டியில் இருப்பது பதினாலு.